மஞ்சள் தேய்த்த ஈரல்

இப்படிப்பட்ட கட்டுரைகளை வழக்கமாக எழுதுகிறவர்கள் தலை நரைத்து, பிரிவுபசார விழாவில் சால்வை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு எழுதுவார்கள். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. சால்வையும் கிடைக்கவில்லை. மட்டாஞ்சேரியில் ஓர் உணவு ஆய்வகத்தில் எழுபதுகளின் கடைசியில் சேர்ந்து, எண்பதுகளின் நடுவில் நானாகவே வெளியே வந்தவள் நான். இப்போது கலூரில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னோடு படித்த தோழி ஒருத்தி வேறோர் ஆய்வகத்தில் பொறுப்பில் இருக்கிறாள். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னாள்.

"நல்லதா ஒண்ணும் இருக்காதே" என்றேன்.

"நல்லதைச் சொல்ல நிறைய பேர் இருக்காங்க. நீ உன்னோடதைச் சொல்லு" என்றாள்.

எதை எழுதப் போவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு ஈரல், எவ்வளவு அமிலம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் முறைப் புத்தகத்தில் இருக்கின்றன. கண்ணாடிப் பாத்திரங்களை எப்படிக் கழுவுவது என்பதும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததுதான் இங்கே.

நம் வேலையை வெளியாளுக்கு விளக்க வேண்டுமானால் நான் இப்படிச் சொல்வேன். கோழிக்கோ மாட்டுக்கோ உயிரோடு இருந்தபோது கொடுத்த மருந்து, அதன் இறைச்சியிலும் பாலிலும் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கிறோம். மருந்து கண்ணுக்குத் தெரியாது. ஈரலை அரைத்து, அமிலம் சேர்த்து, புரதத்தைத் திரியவைத்து வடிகட்டினால் கலங்கலாக ஒரு நீர் கிடைக்கும். அதில் மருந்தும் இருக்கலாம், கொழுப்பும் இருக்கும், இன்னும் என்னென்னவோ இருக்கும். எந்தக் கரைப்பானோடு எது போகும் என்பதைத் தெரிந்துகொண்டு, வேண்டாததை ஒவ்வொன்றாகக் கழித்து, மருந்தை மட்டும் நிறுத்துவதுதான் பிரித்தெடுத்தல். தொழிலில் பாதி அது. மீதிப் பாதி, கண்டதைக் கண்டபடி எழுதுவது. முதல் பாதியைக் கற்றுத்தர ஆட்கள் உண்டு.

எனக்கும் ஒருவர் இருந்தார். எங்கள் தலைமை ஆய்வாளர். எல்லோரும் சார் என்று அழைத்தோம், இங்கேயும் அவர் அப்படியே இருக்கட்டும். மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கின் மேல்மாடியில் எங்கள் ஆய்வகம். கீழே மூட்டை புரட்டினால் மேலே நாங்கள் தும்முவோம். அந்தத் தும்மலுக்கு நடுவிலும் சாரின் கை அசையாது. பிரிபுனல் என்று ஒரு கண்ணாடிக் குடுவை உண்டு, உங்களுக்குத் தெரியும். உச்சியில் மூடி, அடியில் திருகு. இரண்டு திரவங்களை அதில் ஊற்றிக் குலுக்கி வைத்தால், கனமானது கீழே, லேசானது மேலே என்று பிரிந்து நிற்கும். நான் சேர்ந்த புதிதில் ஈரல் சாற்றைப் போட்டுப் பலமாகக் குலுக்கினேன். எல்லாம் குழம்பி வெள்ளையாக நுரைத்து நின்றுவிட்டது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை.

சார் எட்டிப் பார்த்தார். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம்.

"எந்தா குட்டி இது? மோர் கடைஞ்சு வெண்ணெய் எடுக்கறியா?"

"பிரியவே மாட்டேங்குது சார்."

"அது பிரியும். நீதான் பிரிய விடலை." கொஞ்சம் உப்பைப் போட்டு, குடுவையைத் தலைகீழாக மெல்ல ஒருமுறை சாய்த்து நிமிர்த்தி, தாங்கியில் வைத்தார். "இனி போய் ஒரு சாயா குடி. இதை நோக்கிக்கிட்டு நிக்காதே."

திரும்பி வந்தபோது நடுவில் கத்தியால் கீறியதுபோல் கோடு விழுந்திருந்தது. அன்றைக்கு அவர்மேல் உண்டான மரியாதையை நான் பொய் என்று சொல்லமாட்டேன். பின்னால் நடந்ததை எழுதும்போது இதை மறைப்பது எளிது. ஆனால் கெட்டிக்காரர்தான் தவறு செய்தார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திறமை இல்லாதவன் செய்யும் தவறைக் கண்டுபிடிப்பது சுலபம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு புது வாடிக்கை வந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு உணவுப்பொருள் ஏற்றும் ஒரு கம்பெனி. வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் சிலர், மருந்து எச்சம் இருக்கும் கோழி வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் கம்பெனிக்குக் கோழி கொடுக்கும் ஒவ்வொருவரும், ஒவ்வொரு கப்பலுக்கும் முன்னால், எங்களிடம் ஈரல் கொண்டுவந்து டெட்ராசைக்ளின் என்ற மருந்து இல்லை என்று சான்று வாங்க வேண்டும். மாதிரியை எடுத்துக் கொண்டுவருவது விற்பவரே. இதில் உள்ள கோளாறு உங்களுக்கு உடனே தெரிகிறது. எங்களுக்கும் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

மாதிரிகள் குவிந்தன. முழு முறைப்படி செய்தால், பிரித்தெடுத்த சாற்றைக் கடைசியில் பூச்சுத் தகட்டில் ஒரு புள்ளியாக வைத்து, பக்கத்திலேயே தெரிந்த மருந்தையும் ஒரு புள்ளி வைத்து, தகட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்தி, இரண்டும் ஒரே உயரத்துக்கு ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரை நாள் ஆகும். சார் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார். கடைசிக் கரைப்பானைக் குழாயில் ஊற்றிப் புற ஊதா விளக்கில் காட்டினால், டெட்ராசைக்ளின் இருந்தால் மஞ்சளாக ஒளிரும். அதுவே போதும் என்றார்.

"மஞ்சளா ஒளிர்றதெல்லாம் டெட்ராசைக்ளின்தானா சார்?"

"கோழி ஈரல்ல வேறெந்தா குட்டி மஞ்சளா ஒளிரும்?"

கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. ஆனால் கேட்டவர் அவர் என்பதால் அன்று ஆகிவிட்டது.

கோழி கொடுத்தவர்களில் ஒருவர் மீரான் ராவுத்தர். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து பள்ளுருத்தியில் கோழிக்கூடு வைத்திருந்தார். வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம். ஊரில் எல்லோரும் கூப்பிடுவதுபோல் எனக்கும் அவர் மீரான் இக்கா. அவர் கொண்டுவந்த ஈரல் விளக்கின் கீழ் பளிச்சென்று மஞ்சளாக ஒளிர்ந்தது. மருந்து உண்டு என்று சார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாளே இக்கா மாடியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"மோளே, நீ தமிழ்க் குட்டியல்லே? அதுதான் உன்கிட்ட சொல்றேன். என் கோழிக்கு நான் மருந்து கொடுக்கறதில்லை. கொடுத்தா கொடுத்தேன்னு சொல்லிட்டுப் போறேன், எனக்கென்ன?"

பாத்திரம் கழுவும் ஓமனச்சேச்சி தொட்டிப் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னார். "எல்லாரும் இதுதான் பறயும் இக்கா. கோழி மட்டும்தான் ஒண்ணும் பறயாது."

"கோழிக்கு வாயிருந்தா எனக்கு சாட்சி சொல்லும் சேச்சி." பிறகு குரல் இறங்கியது. "இந்தக் கப்பலுக்கு என் பேரு இல்லைன்னா அடுத்த கப்பலுக்கும் இருக்காது. பெரிய கூட்டுக்காரங்க வரிசையா நிக்கறாங்க. எனக்கு வேற வியாபாரம் தெரியாது. கூட்டைப் பிரிச்சு விறகாக்கிட்டு, மறுபடியும் தம்பி வீட்டுத் திண்ணையில போய்ப் படுக்க வேண்டியதுதான்."

"ஈரலை யார் எடுத்தாங்க இக்கா?"

"வேற யாரு, சைனபாதான்."

சைனபா அவர் மனைவி. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளுருத்திக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. மூன்று விஷயம் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். தீவனம், தண்ணீர்த் தொட்டி, மாதிரி எடுக்கும் விதம். தீவனத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீரும் வெறும் தண்ணீர்தான். கூட்டில் மருந்து டப்பாவோ பொட்டலமோ இல்லை.

"படிச்ச குட்டி கோழிக்கூட்டைப் பாக்க வந்திருக்கு" என்றாள் சைனபா இத்தா, கோழி அறுத்துக்கொண்டே. "மூக்கைப் பொத்திக்கோ. வெட்கப்படாதே."

"எனக்கு இதைவிட நாத்தம் பழக்கம் இத்தா."

"அப்ப கல்யாணம் பண்ணினா உனக்குச் சமையக்கட்டு கஷ்டமா இருக்காது." சிரித்துக்கொண்டே ஈரலைத் தனியே எடுத்துப் பிஞ்ஞாணத்தில் போட்டாள். பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, ஈரல்மேல் தூவிக் கையால் தேய்த்தாள். விரல் மஞ்சளாயிற்று.

"இது எதுக்கு இத்தா?"

"எதுக்கா? மஞ்சப் பொடி தேய்க்காம ஈரலை யாராவது வைப்பாங்களா? வாடை போக வேண்டாமா?"

"எங்க லேபுக்குக் கொடுத்தீங்களே, அதுலயும் தேய்ச்சீங்களா?"

"அதுல கொஞ்சம் கூடுதலா தேய்ச்சேன். பெரிய ஆளுங்க கையில எடுத்துப் பாக்கற சாமானாக்கும். நாத்தத்தோட கொடுத்தா என்னைப்பத்தி என்ன நினைப்பாங்க?"

மரியாதைக்காகத் தேய்த்த மஞ்சள். எங்கள் முறைப் புத்தகம் எழுதப்பட்ட நாட்டில் யாரும் ஈரலுக்கு மஞ்சள் தேய்ப்பதில்லை. அதனால் அதில் அந்த எச்சரிக்கை இல்லை. நாங்கள் எல்லோரும் மஞ்சள் தேய்த்த மீனும் கோழியும் தின்று வளர்ந்தவர்கள். எங்களுக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை, ஆய்வகத்தில் மிச்சமிருந்த தேய்த்த ஈரலும் இத்தாவிடம் வாங்கிவந்த தேய்க்காத ஈரலும் கொண்டு இரண்டு சோதனை செய்தேன். முதலாவது, ஓமனச்சேச்சியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு துளி சுண்ணாம்பு. தேய்த்த ஈரலின் சாற்றில் அதை விட்டதும் ரத்தச் சிவப்பாயிற்று. ஆரத்தி கரைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சிவப்பு, மஞ்சள் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். மருந்து இல்லை என்று சொல்லாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் அல்லவா? இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தயவுசெய்து இன்னொருமுறை படியுங்கள்.

அதனால் இரண்டாவது சோதனை. அமிலச் சாற்றைப் பிரிபுனலில் விட்டு, குளோரோஃபார்ம் சேர்த்து, குலுக்காமல் மெல்லச் சாய்த்துச் சாய்த்து எடுத்தேன். மஞ்சளின் நிறப்பொருள் குளோரோஃபார்மோடு கீழே இறங்கிவிடும். டெட்ராசைக்ளின் அமில நீரைவிட்டு வராது. கீழே இருப்பதைத் திருகு திறந்து வெளியேற்றிவிட்டு, மேலே நின்ற நீரை வழக்கமான கட்டங்களுக்குக் கொண்டுபோனேன். விளக்கின் கீழ், வெளியேற்றிய குளோரோஃபார்ம் மஞ்சளாக ஒளிர்ந்தது. கடைசிக் குழாய் இருட்டாக இருந்தது. மருந்து இல்லை. உறுதிக்குத் தகட்டிலும் ஏற்றிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

சார் விளக்கு இருந்த இருட்டுப் பெட்டிக்குள் குனிந்து இரண்டு குழாய்களையும் நெடுநேரம் பார்த்தார்.

"குளோரோஃபார்ம்ல கழுவணும்னு யாரு சொன்னது?"

"எது எங்கே போகும்னு நீங்க சொல்லித்தந்ததுதான் சார்."

அவர் முகம் தெளிந்தது. பெரிய மனிதராக நடந்துகொண்டார். கம்பெனியிடம் அவரே பேசி, முதல் அறிக்கையைத் திரும்பப் பெற்றார். மீரான் இக்காவின் பெயர் கப்பல் பட்டியலில் ஏறிற்று. எங்கள் எல்லோருக்கும் சைனபா இத்தாவின் கையால் நெய்ச்சோறு வந்தது. "இதுல மஞ்சள் போடலை, சோதிச்சுக்கலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். இந்த வேலையில் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போன நாள் என்று கேட்டால் அதுதான்.

அதற்கு அடுத்த வாரம் சார் முறைப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தார். மஞ்சள் ஒளிர்வு கண்டால் சுண்ணாம்பு விட்டுப் பார்க்கவும். சிவந்தால் ஒளிர்வைப் பொருட்படுத்த வேண்டாம். கீழே, குமாரி வசந்தாவின் பரிந்துரைப்படி.

வசந்தா நான்தான்.

"சார், நான் இதைச் சொல்லலை. சிவந்தா அதுக்கப்புறம் கழுவிப் பாக்கணும். கழுவினதுக்கப்புறமும் ஒளிருதான்னு பாக்கணும்."

"எல்லா சாம்பிளுக்குமா? குளோரோஃபார்ம் என்ன, கடல்ல கோரிக்கிட்டு வரதா?"

"அப்ப மருந்தும் மஞ்சளும் சேர்ந்து வந்தா?"

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு 'அப்ப' உண்டு." சிரித்தார். கோபமே இல்லை. "உன் பேரைப் போட்டிருக்கேன் குட்டி. சந்தோஷப்படு."

என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். அது அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஊருக்குள் விஷயம் எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. சாயாக்கடையில் பேசியிருப்பார்கள். அதுவரை வெறும் ஈரல் கொண்டுவந்தவர்களும் மஞ்சள் தேய்த்தே கொண்டுவர ஆரம்பித்தார்கள். அதுவும் ஒரு சிட்டிகை அல்ல. ஈரலைச் சுற்றிவந்த இலையைப் பிரித்தால் மேசையெல்லாம் மஞ்சளாகும்.

"இது லேபா, கல்யாண வீடா?" என்றார் ஓமனச்சேச்சி. "பிஞ்ஞாணம் கழுவிக் கழுவி என் கையைப் பாரு. யாராவது பெண் பாக்க வந்துடப்போறாங்க."

சுண்ணாம்பு விடுவோம், சிவக்கும். மருந்து இல்லை என்று அறிக்கை போகும். எல்லா அறிக்கையும் அப்படித்தான் போயிற்று. எல்லா விற்பனையாளர்களுக்கும் திருப்தி, கம்பெனிக்குத் திருப்தி. இவ்வளவு பேர் ஒரே சமயத்தில் நேர்மையாகிவிட்டதில் சாருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா என்று நான் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

அந்த வருடம் மழை பிடித்ததும் கோழிகளுக்குச் சளி நோய் வந்தது. கழுத்தை நீட்டி மூச்சு வாங்கி, கூடு கூடாகச் செத்தன. டெட்ராசைக்ளின் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பிழைக்கும். கொடுத்ததில் தவறில்லை. கொடுத்த பிறகு மருந்து உடம்பைவிட்டு இறங்கும்வரை அந்தக் கோழியை விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கப்பல் வந்துகொண்டிருந்தது, கோழியும் போய்க்கொண்டிருந்தது, எங்கள் சுண்ணாம்பும் சிவந்துகொண்டிருந்தது.

சாருக்கு நேரில் காட்டினால் ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். முதல்முறை காட்டியபோது ஒப்புக்கொண்டவர்தானே. திறந்திருந்த குளோரோஃபார்ம் புட்டியில் கொஞ்சம்தான் மிச்சம். இரண்டு மாதிரிக்குப் போதும். ஒன்று, நிச்சயமாகச் சுத்தமாக இருக்கக்கூடியது. இன்னொன்று, சந்தேகமானது. சுத்தமானது கழுவியபின் இருண்டு நிற்கும், சந்தேகமானது ஒளிரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டால் வாதமே வேண்டாம். இது சரியான திட்டம்தான். இப்போதும் வேறுவிதமாகச் செய்ய எனக்குத் தெரியாது.

சுத்தமானதற்கு நான் எடுத்தது மீரான் இக்காவின் ஈரலை.

கழுவினேன். குளோரோஃபார்ம் மஞ்சளாகக் கீழே இறங்கியது. கடைசிக் குழாயை விளக்கில் காட்டினேன். அதுவும் ஒளிர்ந்தது. சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து, மிச்சமிருந்ததையும் ஊற்றி மறுபடி கழுவினேன். இந்தமுறை குளோரோஃபார்ம் நிறமில்லாமல் வந்தது. மஞ்சள் முழுக்கப் போய்விட்டது. குழாய் அப்போதும் ஒளிர்ந்தது. தகட்டில் ஏற்றினேன். பக்கத்திலிருந்த மருந்துப் புள்ளியோடு ஒரே உயரத்தில் போய் நின்றது.

அறிக்கை எழுதுமுன் இக்காவை வரச்சொன்னேன்.

"அது மஞ்சளாக்கும் மோளே" என்றார், நான் கேட்பதற்குள்.

"மஞ்சளைக் கழுவிட்டேன் இக்கா."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு முன்னால விழுந்துகிட்டிருந்தது. மருந்து வாங்கி ஊத்தினேன். பிழைச்சிடுச்சு. நிறுத்திவெச்சு அப்புறமா கொடுன்னு சொல்லுவே. கப்பல் நிக்குமா? நான் கொடுக்கலைன்னா அடுத்தவன் கொடுப்பான். அவனும் இதே மருந்தை ஊத்தினவன்தான்."

"இந்தக் கப்பலுக்கு மட்டும் கோழி இல்லைன்னு சொல்லிடுங்க. சாம்பிளை நீங்களே திரும்ப வாங்கிக்கலாம். நான் ஒண்ணும் எழுத மாட்டேன்."

"ஒரு கப்பல் விட்டா பேரு போயிடும்னு உனக்குத் தெரியும். அன்னிக்கு நீதானே மோளே எனக்காகப் பேசினே?"

"அன்னிக்கு மருந்து இல்லை இக்கா."

"ஆமா" என்றார். "அன்னிக்கு இல்லை." தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மாதிரியைத் திரும்பக் கேட்கவில்லை.

மருந்து உண்டு என்று எழுதி, தகட்டையும் சேர்த்து சாரிடம் வைத்தேன். இது ஒருவருடைய விஷயம் இல்லை, மழை தொடங்கியதிலிருந்து வந்த எல்லா மாதிரிகளையும் கழுவிப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் தகட்டைப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கண்ணுக்குத் தகடு பொய் சொல்லாது.

"எல்லாத்தையும் கழுவினா எத்தனை அறிக்கையைத் திரும்ப எடுக்கணும் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அதுக்கப்புறம் இந்த லேப் இருக்குமா?"

அவர் என் அறிக்கையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, வேறொன்று எழுதினார். மஞ்சள் குறுக்கீடு, மருந்து இல்லை, குமாரி வசந்தாவின் முறைப்படி ஆய்வு செய்யப்பட்டது. மறுநாள் குளோரோஃபார்ம் அலமாரிக்குப் பூட்டு வந்திருந்தது. சாவி அவரிடம்.

என் முன் மூன்று வழி இருந்தது. பேசாமல் இருப்பது. வேலையைவிட்டுப் பேசாமல் இருப்பது. கம்பெனிக்குப் போய்ச் சொல்வது. மூன்றாவதைச் செய்தேன்.

கம்பெனி மேலாளர் மரியாதையான மனிதர். விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார். நான் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார். எல்லோருடைய ஈரலையும் வேறோர் ஆய்வகத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றேன்.

"எத்தனை பேருடைய சரக்கில் மருந்து இருப்பதாக உங்களிடம் சான்று இருக்கிறது?"

"ஒருவர். ஆனால்..."

"ஒருவர்" என்று எழுதிக்கொண்டார். "யார்?"

இந்த இடத்தில் உங்களில் யாராவது இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெயரைச் சொல்லாவிட்டால் நான் சொன்னது முழுவதும் வம்பு. சொன்னால், சான்று இருக்கும் ஒரே பெயர் அவருடையது. சொன்னேன். கண்டதைக் கண்டபடி சொல்வதுதான் என் வேலை, அதற்குத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள்.

மீரான் இக்காவை நீக்கினார்கள். மற்ற எல்லோரும் இருந்தார்கள். சாரும் இருந்தார். நான் போய்ச் சொன்னதை ஆய்வகமே சொன்னதாக எடுத்துக்கொண்டு, அதன் கண்டிப்பைப் பாராட்டிக் கம்பெனி நன்றி தெரிவித்ததாக ஓமனச்சேச்சி பிற்பாடு சொன்னார். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. மாத முடிவில் நானாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். சார் வாசல்வரை வந்தார். "உன் கை நல்ல கை குட்டி. வேற லேபுக்குப் போனா என்கிட்ட சொல்லு, நான் எழுதித்தரேன்" என்றார். உண்மையாகவே சொன்னார். அதுதான் அவரிடம் எனக்குப் பொறுக்க முடியாதது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மாதிரியை நீங்களே போய் எடுங்கள். அறுப்பவர் கை அதற்குமுன் எதைத் தொட்டது என்று கேளுங்கள். ஒளிர்வதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால், இன்னொரு காரணம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். முதல் காரணத்தைக் கழுவி வெளியேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சார் சேர்த்த அந்தச் சுண்ணாம்பு வரி இருக்கும் முறைப் புத்தகம் உங்கள் ஆய்வகத்துக்கும் பிரதியாக வந்திருக்கக்கூடும். பார்த்தால் அடித்துவிடுங்கள். என் பெயர் இருந்தாலும் பரவாயில்லை, வரியை அடியுங்கள்.

போன வருடம் மட்டாஞ்சேரி படகுத்துறையில் சைனபா இத்தாவைப் பார்த்தேன். எர்ணாகுளத்துக்குப் போக நின்றிருந்தாள். ஒரு ஹோட்டலில் சமையற்கட்டு வேலை என்றாள். இக்கா பாலக்காட்டில் தம்பியோடு இருக்கிறார், கால் வீக்கம். கோபமாகப் பேசவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா மோளே? எங்களோடதைக் கழுவிப் பாத்தியே. மத்தவங்க ஈரலையும் கழுவிப் பாத்தியா?"

அவளுக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லலாம். புட்டியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்ததைச் சொல்லலாம். சுத்தமாக இருக்கும் என்று ஊரிலேயே நான் நம்பிய ஒரே ஈரல் அதுதான் என்பதையும் சொல்லலாம். எல்லாம் உண்மை.

"இல்லை இத்தா" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். படகு வந்தது. அவள் ஏறினாள். அதே படகில்தான் நானும் போக வேண்டும். அடுத்தது வரட்டும் என்று நின்றுவிட்டேன்.